ஆர்லாண்டோ நாட்குறிப்பு: மேலே படத்தின் சட்டை, உள்ளே இரும்பு

முந்தைய மாலை

ஆர்லாண்டோவில் டிஸ்னிக்கு நான்கு பூங்கா, யுனிவர்சலுக்கு மூன்று. ஏழையும் ஆறு நாளில் முடிக்கும் திட்டம் இது. எந்த ரைடுக்கு எப்போது போவது என்பதோடு இன்னொரு கணக்கும் கூடவே ஓடும்: எந்தப் படத்தை நம்பி எந்த இயந்திரத்தைக் கட்டினார்கள், இரண்டில் எது முதலில் கிழடு தட்டியது.

படத்தை வைத்து ரைடு கட்டுவது நேற்றுத் தொடங்கியதல்ல. 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தபோதே ஸ்னோ ஒயிட்டுக்கும் பீட்டர் பானுக்கும் ரைடு இருந்தது. ஆனால் அதே பூங்காவில் ஜங்கிள் குரூஸ் படகு எந்தப் படத்தின் பெயரும் இல்லாமல் ஓடியது. இன்று அப்படி ஒன்றுக்குப் பணம் கேட்டால் கிடைப்பது அபூர்வம். பெரிய ரைடு ஒன்றை வரைந்து, அஸ்திவாரம் தோண்டி, ஓட்டிப் பார்த்துத் திறக்கப் பல வருஷம் ஆகும். திறந்தபின் இருபது முப்பது வருஷம் ஓடியாக வேண்டும். தெரிந்த பெயர் கிடைத்தால் விளம்பரத்தில் பாதி வேலை மிச்சம், வெளியேறும் வழியில் பொம்மைக் கடையும் தானாக ஓடும். படத்தின் மவுசு மட்டும் அந்த முப்பது வருஷத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை.

இன்றிரவே முடிக்க வேண்டிய வேலைகள். டிஸ்னியில் நீண்ட வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் இரண்டு விதம். மல்டி பாஸ் வாங்கினால் மூன்று ரைடுகளை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளலாம். சிங்கிள் பாஸ், நெரிசல் மிகுந்த ஒரு ரைடுக்கு மட்டும் தனி விலை. டிஸ்னி விடுதிகளில் தங்குவோருக்கு ஏழு நாள் முன்பும் மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பும், உள்ளூர் நேரம் காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். கூட வருபவர்களின் டிக்கெட்டையும் வங்கி அட்டை விவரத்தையும் செயலியில் முன்பே ஏற்றி வையுங்கள். 7 மணிக்கு அட்டை எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தால் நல்ல நேரமெல்லாம் கண்ணெதிரே போய்விடும். யுனிவர்சலின் எக்ஸ்பிரஸ் பாஸுக்கு நேரக் குறியீடு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். ஆனால் விலை நாளுக்கு நாள் மாறும்.

குழந்தைகள் இருந்தால் 48 அங்குலம் (122 செ.மீ.) என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரைடுகள் பலவற்றுக்கும் அதுதான் எல்லை. உயரம் போதாத குழந்தையோடு ஒருவர் காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் இடம் மாற்றிக்கொள்ளும் வசதி எல்லாப் பூங்காவிலும் உண்டு. வரிசையில் நுழையும் முன்பே வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டுவிட வேண்டும். பாதி வழியில் கேட்டால் சிக்கல்.

ஃப்ளோரிடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடி மழை கிட்டத்தட்ட தினசரி வழக்கம். அருகில் மின்னல் தென்பட்டாலே திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கூரை இல்லாதவை காலையில், கூரைக்குள் ஓடுபவை பிற்பகலில். ஆறு நாளுக்கும் இதுதான் அடிப்படை.

முதல் நாள்: யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃப்ளோரிடா

1990 ஜூன் 7 அன்று திறந்த பூங்கா. காங், ஜாஸ், நிலநடுக்கம் என்று மார்தட்டிய மூன்று ரைடுகளும் திறப்பு நாளிலேயே மக்கர் செய்தது இந்தத் தொழிலில் இன்றும் பேசப்படும் கதை. அந்த மூன்றும் இப்போது இல்லை. அன்று திறந்த ரைடுகளில் இன்றும் ஓடுவது ஈ.டி. மட்டும்தான், அதுவும் 1982-இல் வந்த ஒரே ஒரு படத்தை நம்பி. நுழைவில் பெயரைச் சொன்னால் ஓர் அட்டை தருவார்கள். ஏறும் இடத்தில் அதைத் திருப்பிக் கொடுக்க, கடைசியில் ஈ.டி. அந்தப் பெயரைச் சொல்லி வழியனுப்பும். நீண்ட பெயர் என்றால் சுருக்கிச் சொல்லுங்கள். இருக்கைகள் தலைக்கு மேலுள்ள தண்டவாளத்திலிருந்து தொங்கும் சைக்கிள்கள். கீழே ஊர் விளக்குகள் நகரும்போது பறப்பது போலத் தோன்றுவதற்கு அதுவே காரணம், திரை எதுவும் இல்லை.

வாசலுக்குப் பக்கத்தில் மினியன்கள் ரைடு. கட்டடத்தின் சரித்திரம் ரைடைவிடச் சுவையானது. 1990-இல் ஹன்னா-பார்பெரா கார்ட்டூன்கள், 2003-இல் ஜிம்மி நியூட்ரான், 2012 முதல் மினியன்கள். திரை, அதற்கு முன்னால் ஆடும் மேடைகள் என்ற அமைப்பு மூன்றுக்கும் ஒன்றே. பாம்பு சட்டை உரிப்பது போல, பெயர் பழசானதும் படத்தை மட்டும் கழற்றிப் போட்டார்கள். திரையை நம்பிய ரைடுகளுக்கு இந்த வசதி உண்டு, மாற்றச் செலவு குறைவு. பழசாகிவிட்டது என்பது சீக்கிரம் கண்ணுக்குத் தெரிவதும் அதே காரணத்தால்தான்.

சிம்ப்ஸன்ஸ் ரைடும் அதே ஜாதி. 2007 வரை அங்கே ஓடியது பேக் டு தி ஃப்யூச்சர். மாபெரும் குவிமாடத் திரையும் அதன்முன் ஆடும் எட்டு இருக்கை வண்டிகளும் அப்படியே இருக்க, 2008 மே மாதம் சிம்ப்ஸன்ஸ் உள்ளே வந்தார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம். கண்ணுக்கு நூறடி வீழ்ச்சியும் உடம்புக்குச் சில அடி ஆட்டமும் கிடைக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் குமட்டுகிறது. நடுவில் முடியாவிட்டால் கண்ணை மூடுவதைவிட, பார்வையைத் திரையிலிருந்து எடுத்து வண்டியின் விளிம்பில் வைத்தால் சீக்கிரம் அடங்கும்.

காங் இருந்த கட்டடத்தில் 2004 முதல் மம்மி. இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர், 48 அங்குலம். புதையல் அறையில் தங்கக் குரங்குச் சிலை ஒன்றைத் தேடுங்கள், முன்பு அங்கே குடியிருந்தவருக்கு வைத்த நினைவுச் சின்னம். மழை பிடித்தால் ஓடி ஒதுங்க இதைவிட நல்ல இடம் இந்தப் பூங்காவில் இல்லை.

சட்டை பொருந்தாமல் போனதற்கு உதாரணம் வேண்டுமானால் 2018-இல் திறந்த ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ். அந்தப் படங்களின் உயிரே வேகம். ரைடோ, இரு பக்கத் திரைகளுக்கு நடுவே நின்று குலுங்கும் பேருந்து. கார்கள் பறக்கின்றன, நாம் பறப்பதில்லை. 2025 ஆகஸ்டில் இதே பூங்காவின் ராக்கிட் கோஸ்டரை மூடியது, இதே படத்தொடரின் பெயரில் ஒரு நிஜக் கோஸ்டர் கட்டத்தான். படம் சரி, இயந்திரம்தான் தப்பு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டது போலிருக்கிறது.

மீதி நாள் ஹாரி பாட்டர் கதையின் மந்திரக் கடைத்தெருவான டயகான் ஆலிக்கு. ஜாஸ் 2012 ஜனவரி 2 அன்று மூடப்பட்டு, அந்த இடத்தில் 2014 ஜூலை 8 அன்று இது திறந்தது. வெளியே லண்டன் வீட்டு முகப்புகள் மட்டுமே தெரியும், பெயர்ப் பலகை இல்லை. செங்கல் சுவர் இடைவெளியில் நுழைந்தால்தான் தெரு. வங்கிக் கூரையிலிருக்கும் டிராகன் அவ்வப்போது நெருப்பு உமிழும். கேமராவைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டாம், உறுமல் முதலில் கேட்கும். காற்று பலமாக அடித்தாலோ மின்னல் இருந்தாலோ நெருப்பு கிடையாது. வங்கிக்குள்ளே க்ரிங்காட்ஸ் ரைடு, 42 அங்குலம் (107 செ.மீ.). பாதி கோஸ்டர், பாதி திரை. வண்டி ஓடிவந்து திரைமுன் நின்று அங்கே ஆடுகிறது.

மந்திரக்கோல் வாங்குபவர்கள் கவனத்துக்கு. தரையிலுள்ள பித்தளை வட்டத்தின் மேல் நில்லுங்கள். அதில் வரைந்திருக்கும் கோட்டை மணிக்கட்டால் சின்னதாகக் காற்றில் வரையுங்கள். கோலின் நுனியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு பாசிமணி ஒன்று இருக்கிறது. ஜன்னலுக்குள் உள்ள அகச்சிவப்புக் கேமரா அதைத்தான் பின்தொடர்கிறது. வேலை செய்யாததற்குக் காரணங்கள் மூன்று: கையை அகலமாக வீசுவது, கோலின் நுனியை விரலால் மறைப்பது, நேர் வெயில் கேமராவைக் குழப்புவது. சாயங்காலம் இதே கோல் முதல் முயற்சியிலேயே பலிக்கும். எல்லாக் கோலும் இந்த வகையல்ல, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து பக்கத்துப் பூங்காவுக்கு ஹாக்வர்ட்ஸ் எக்ஸ்பிரஸ். பார்வைக்கு நீராவி ரயில், உண்மையில் கம்பிவடம் இழுக்கும் வண்டி. ஜன்னல் எல்லாம் திரை, போகும்போது ஒரு காட்சி, வரும்போது வேறொன்று. ஒரே பூங்காவுக்கான டிக்கெட்டில் ஏற முடியாது, இரண்டு பூங்கா டிக்கெட் வேண்டும். சுமார் நான்கு நிமிஷ ரயில் டிக்கெட் விற்பனையையே மாற்றியது. இதை யோசித்தவருக்குச் சம்பள உயர்வு கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்

யுனிவர்சல் விடுதியில் தங்கினால் குறிப்பிட்ட பூங்காவுக்கு ஒரு மணி நேரம் முன்பே நுழையலாம். அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு இங்கே அதிகம்.

முதலில் ஹாரி பாட்டர் கதையின் ஹாக்ரிட் பெயரிலுள்ள மோட்டார் சைக்கிள் கோஸ்டர். 2019 ஜூன் 13 அன்று திறந்தபோது பத்து மணி நேர வரிசை நின்றது. 48 அங்குலம். ஏழு இடங்களில் உந்தல், அதிகபட்சம் மணிக்கு 50 மைல். ஓரிடத்தில் செங்குத்தாக ஏறி நின்று பின்னோக்கி ஓடும், இன்னோரிடத்தில் தண்டவாளத் துண்டே வண்டியோடு 17 அடி கீழே விழும். இது ஏன் அடிக்கடி நிற்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. கோஸ்டர் தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம், முன்வண்டி வெளியேறினால்தான் அடுத்தது நுழையும். உந்தலும் தட மாற்றமும் கூடக் கூட உணர்கருவிகளும் கூடும். ஒன்று தவறான தகவல் தந்தாலும் பின்னாலுள்ள எல்லா வண்டியும் அப்படியே நிற்கும். நிற்பது ஆபத்தல்ல, அப்படித்தான் நிற்க வேண்டும். ஆனால் திறந்தவெளி என்பதால் மழைக் காலப் பிற்பகலில் இதை நம்பி வராதீர்கள்.

இந்த இடத்தின் வரலாறும் கவனிக்கத் தக்கது. 1999-இல் இங்கே கட்டியது இரட்டை டிராகன் கோஸ்டர், எந்தப் படமும் இல்லாத சொந்தக் கற்பனை. 2010-இல் ஹாரி பாட்டர் கதையின் ஊரான ஹாக்ஸ்மீட் வந்ததும் அதே இரும்புக்குப் பெயர் மாற்றி ஹாரி பாட்டர் சட்டை போட்டார்கள். 2017-இல் இரும்பையும் பிரித்தார்கள். சட்டை தங்கிவிட்டது, எலும்பு போய்விட்டது. நேற்றுப் பார்த்த மினியன் கட்டடத்துக்கு நேர்மாறு.

2010 ஜூன் 18 அன்று திறந்த ஹாக்ஸ்மீட்தான் இன்றைய போட்டிக்கெல்லாம் தொடக்கம். அதுவரை படம் என்றால் ஒரு ரைடு. இங்கே தெருவே கண்காட்சியானது: கடைகள் படத்தில் போலவே குறுகல், குடிக்க பட்டர்பீர், வழக்கமான கோலா பானங்களுக்குக் கதவடைப்பு. கடை குறுகலாக இருந்ததால் வெளியே வரிசை, அந்த வரிசையே விளம்பரம். அடுத்த வருஷமே டிஸ்னி அவதார் உரிமையைப் பேசி அறிவித்தது.

கோட்டைக்குள் ஓடும் ஃபர்பிடன் ஜர்னியில் தொழிற்சாலைகளில் கார் உடம்பைத் தூக்கும் குக்கா ரோபோக் கை, நால்வர் அமர்ந்த பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நகர்கிறது. தோள் பூட்டு போதிய அளவு இறங்காவிட்டால் ஏற்ற மாட்டார்கள். பருமனானவர்கள் வாசலிலுள்ள மாதிரி இருக்கையில் முன்பே உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. ஓர இருக்கைகள் கொஞ்சம் தாராளம், கேட்டால் தருவார்கள்.

அடுத்து வெலாசிகோஸ்டர், 51 அங்குலம் (130 செ.மீ.). 155 அடி உயரம், மணிக்கு 70 மைல், தோள் பூட்டு இல்லை, மடியில் மட்டும் கம்பி. தலைகீழாகத் தொங்கியபடி நகரும் ஒரு நீண்ட பகுதியும், தண்ணீருக்கு மேலே ஒரு புரளலும் உண்டு. சட்டைப்பையில் சில்லறை கூட இருக்கக் கூடாது, உலோகச் சோதனை உண்டு. லாக்கர் இரண்டு பக்கமும் திறக்கும். ஏறும் முன் ஒரு பக்கம் வைத்தால் இறங்கியபின் மறுபக்கம் எடுக்கலாம். எண்ணை மறந்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுபவர்களை எந்நேரமும் அங்கே பார்க்கலாம். கடைசி வரிசையில் இருக்கையை விட்டு உடம்பு அதிகம் எழும்பும், முதல் வரிசையில் காட்சி. ஜுராசிக் வேர்ல்ட் பெயரைக் கழற்றிவிட்டாலும் முதல்தரமாக நிற்கும் கோஸ்டர் இது. இங்கே படம் ஒரு சாக்குத்தான்.

மார்வெல் தீவில் ஒரு வேடிக்கை. 1994-இல் மார்வெலோடு யுனிவர்சல் போட்ட ஒப்பந்தம், 2009-இல் மார்வெலையே டிஸ்னி வாங்கியபின்னும் செல்லுகிறது. அதனால் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஸ்பைடர்மேனும் ஹல்க்கும் போட்டியாளரின் பூங்காவில்தான் வேலை பார்க்கிறார்கள். தீவு முழுக்கக் காமிக்ஸ் ஓவிய பாணி, திரைப்பட முகங்கள் இல்லை. படங்கள் எத்தனை முறை நடிகரை மாற்றினாலும் 1999-இல் வரைந்த சுவர் பழசாகவில்லை.

மூன்றாம் நாள்: எபிக் யுனிவர்ஸ்

2025 மே 22 அன்று திறந்தது. பழைய இரண்டு பூங்காக்களிலிருந்து நடக்க முடியாத தூரம், விடுதிப் பேருந்தோ வாடகைக் காரோ வேண்டும். சில விடுதிகளில் அறையோடு வரும் எக்ஸ்பிரஸ் வசதி இங்கே செல்லாது. நடுவில் ஒரு தோட்டம், சுற்றிலும் நான்கு வாசல்கள், ஒவ்வொன்றும் ஓர் உலகம். நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் இல்லாமல் மதியம் ஒரு மணிக்கு இங்கே நிற்பது தவம்.

ஹாரி பாட்டரின் மந்திர அமைச்சக உலகில் ஒரு தந்திரம் தெரிகிறது. நுழைந்ததும் 1920-களின் பாரிஸ், அதாவது ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் படங்களின் காலம். அந்தப் படத்தொடர் மூன்றோடு நின்றுபோனது. ஆனால் வரிசையில் நடந்தால் அங்கிருந்து லண்டனுக்குக் கொண்டுபோய், மூலக்கதையின் ஹாரி பாட்டரோடும் வில்லி அம்பிரிட்ஜோடும் ரைடை முடிக்கிறார்கள். தெருவுக்குக் கிளைக்கதை, ரைடுக்கு மூலக்கதை. கிளை பட்டாலும் மரம் நிற்கும்படி கட்டிய ஏற்பாடு. ரைடுக்கு 40 அங்குலம் (102 செ.மீ.), பூங்காவின் மிக நீண்ட வரிசைகளில் ஒன்று. பூங்கா திறந்ததும் எல்லோரும் அங்கே ஓடுவார்கள். நீங்கள் கோஸ்டர் பக்கம் போய்விட்டு, மூடும் நேரத்துக்கு முந்தைய மணியில் இங்கே வருவது மேல்.

டார்க் யுனிவர்ஸ் என்ற பெயரை 2017-இல் ஒரு திரைப்பட வரிசைக்குத்தான் முதலில் சூட்டினார்கள். தி மம்மி படம் சறுக்கியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் இங்கே உயிர் பிழைத்தது. உள்ளே இருப்பவர்கள் 1930-களின் பூதங்கள்: ஃப்ராங்கன்ஸ்டைன், டிராகுலா. இந்தப் பூங்காவில் வயதான படச் சொத்து இதுதான், உள்ளே ஓடும் ரைடின் ரோபோப் பொம்மைகளோ மிக நவீனமானவை. தொண்ணூறு வருஷப் படத்துக்கு வீழ்ச்சி பயம் கிடையாது, விழ வேண்டியதெல்லாம் எப்போதோ விழுந்தாயிற்று.

நின்டெண்டோ பக்கம் படத்திலிருந்து வந்ததல்ல. முதலில் விளையாட்டு, 2021-இல் ஜப்பானின் ஒசாகாவில் பூங்கா, அனிமேஷன் படம் 2023-இல்தான். வழக்கத்துக்குத் தலைகீழ் வரிசை. நாணயச் சதுரங்களைத் தட்டிப் புள்ளி சேர்க்க மணிக்கட்டுப் பட்டை தனியாக வாங்க வேண்டும். அதை வாங்காதவர்களுக்குப் பாதி உலகம் வெறும் சுவர். டாங்கி காங் சுரங்க வண்டியில், உடைந்த தண்டவாளத்தைத் தாண்டுவது போலத் தெரிவது நல்ல ஏமாற்று. கண்ணுக்குத் தெரியும் தண்டவாளம் பொய், வண்டியைத் தாங்கும் நிஜத் தடம் பக்கவாட்டில் மறைந்திருக்கிறது. இந்த அமைப்பால் வண்டிக்குக் குலுக்கல் அதிகம். முதுகுவலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள்.

ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன் படத்தின் டிராகன் தீவு குடும்பத்தோடு வருபவர்களுக்கு. இறக்கை கோஸ்டர் மணிக்கு 45 மைல், 40 அங்குலம்.

கடைசியாக, நடுத்தோட்டத்தின் ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ். எந்தப் படமும் இல்லை. இரண்டு வால்மீன்கள் பந்தயம் விடுகின்றன, அவ்வளவே கதை. 133 அடி, மணிக்கு 62 மைல், 48 அங்குலம். நான்கு உலகத்துக்கும் பெயர் வாங்கிவிட்டு நடுவில் மட்டும் பெயரில்லாமல் ஒன்றை வைத்த துணிச்சலைப் பாராட்டலாம். நடுத்தோட்டம் என்பதால் எந்தப் படத்தின் உரிமம் தீர்ந்தாலும் இதைத் தொட வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

நான்காம் நாள்: டிஸ்னி ஹாலிவுட் ஸ்டூடியோஸ்

1989-இல் இது நிஜப் படப்பிடிப்பு நடக்கும் இடமாகத் திறந்தது. படம் எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டுவதே நோக்கம். இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை, படத்துக்குள் போக வேண்டும் என்கிறார்கள். பழைய படங்களின் காட்சிகளைச் சுற்றிக் காட்டிய ரைடு 2017-இல் மூடப்பட்டு, அதே சீனத் திரையரங்கக் கட்டடத்துக்குள் 2020-இல் மிக்கி வந்துவிட்டது.

காலை 7 மணிப் பதிவில் டாய் ஸ்டோரி கோஸ்டரான ஸ்லிங்கி டாக்கை முதலில் பிடியுங்கள், இங்கே சீக்கிரம் தீர்வது அதுதான். ஸ்டார் வார்ஸ் ரைடான ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்குச் சிங்கிள் பாஸ், இல்லையேல் திறந்தவுடன் நேரே நடை.

ரைஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 5 அன்று திறந்தது, சுமார் 18 நிமிஷம், 40 அங்குலம். முதலில் நின்றபடி ஒரு விண்கலம், அது ஆடும் மேடை. இறங்கினால் பகைவர் கப்பலின் பெருங்கூடம், வீரர்கள் அணிவகுத்து நிற்பார்கள். பிறகு தண்டவாளம் இல்லாமல் தானே வழி தேடும் வண்டி. நடுவில் அது மின்தூக்கியில் ஏறும், முடிவில் வண்டியோடு ஒரு விழுதல். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு ரைடுக்குப் போதும். நான்கையும் சங்கிலியாகக் கோத்ததால் ஒரு கண்ணி நின்றால் முழுச் சங்கிலியும் நிற்கிறது. இது அடிக்கடி நிற்பதற்குப் பெரிய மர்மம் எதுவுமில்லை. சில சமயம் நிறுத்தாமல், பழுதான காட்சியை மட்டும் விளக்கணைத்து ஓட்டுவார்கள். பீரங்கி அசையாமல் நிற்பதைக் கண்டால் அதுதான். வரிசையில் இருக்கும்போது நின்றுவிட்டால் உடனே வெளியேற வேண்டாம். ஊழியர் அறிவிப்பைக் கேளுங்கள். லைட்னிங் லேன் வைத்திருப்பவர்களுக்கு, மீண்டும் ஓடும்போது வர அனுமதி செயலியிலேயே வந்துவிடும்.

பக்கத்திலுள்ள ஸ்டார் வார்ஸ் விண்கலமான ஃபால்கன் ரைடில் ஆறு பேர் ஒரு காக்பிட்: இரண்டு விமானி, இரண்டு பீரங்கி, இரண்டு பொறியாளர். விமானி கோட்டைவிட்டால் ஆறு பேருக்கும் உதைதான். பொறியாளர் இருக்கையில் பக்கவாட்டுப் பொத்தான்களைப் பார்ப்பதா, முன்னாலுள்ள காட்சியைப் பார்ப்பதா என்று தவிக்க நேரும். முன் இருக்கை வேண்டுமென்றால் அட்டை கொடுக்கும் முன்பே கேளுங்கள். இங்கே காட்சியெல்லாம் திரையில் என்பதால் புதுப் பணி ஏற்றுவது சுலபம். மான்டலோரியன் படம் வெளியாகும் 2026 மே 22 அன்றே புதிய பணியும் தொடங்கும் என்று அறிவித்தது அந்த வசதியால்தான்.

இந்த 14 ஏக்கர் ஸ்டார் வார்ஸ் நிலத்தில் அவர்கள் எடுத்த பெரிய முடிவு, படங்களில் காட்டாத ஒரு கிரகத்தைப் புதிதாகப் படைத்தது. காலமும் புதிய படங்களின் காலம். விளைவு, ஜனங்கள் தேடிவரும் பழைய படங்களின் வில்லன் டார்த் வேடருக்கு அந்தக் கதைக்கணக்கில் இடமில்லை. ரைடு பிரமாதம், தெருவில் மட்டும் தெரிந்த முகம் குறைவு. ஹாக்ஸ்மீடில் கால் வைத்ததும் எல்லோரும் ஊரை அடையாளம் காண்கிறார்கள், இங்கே யாராவது விளக்க வேண்டியிருக்கிறது. கோலாவை ஹாக்ஸ்மீட் ஒதுக்கியது, இவர்கள் உருண்டைக் குண்டு போன்ற புட்டியில் அடைத்து விற்றார்கள். அதை விமானத்தில் கொண்டுபோகக் கூடாதென்று 2019-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை முதலில் தடுத்து, பிறகு விட்டுக்கொடுத்தது.

ஒளிவாள் செய்யும் பட்டறைக்கு முன்பதிவு கட்டாயம், விலை 200 டாலருக்கு மேல். கூட நின்று பார்க்க ஒருவருக்கு மட்டுமே அனுமதி, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள்: எப்காட்

இன்று இரண்டே ரைடு, மீதி நடை.

ஃப்ரோஸன். 1988 முதல் நார்வே அரங்கில் ஓடிய மேல்ஸ்ட்ராம் என்ற படகு ரைடை 2014-இல் மூடி, அதே ஓடையிலும் அதே படகுகளிலும் 2016-இல் படத்தின் நாயகி எல்ஸாவை ஏற்றினார்கள். நடுவில் படகு பின்னோக்கிப் போவதும் சின்ன இறக்கமும் பழைய ரைடின் எலும்பு. பனி மாளிகைக் காட்சிக்காகச் செய்தது போலவே தோன்றுவது கைவண்ணம். ஆனால் எலும்போடு கொள்ளளவும் சேர்ந்துதான் வந்தது. ஒரு தேசத்தின் அரங்குக்காக அளவெடுத்த சின்னப் படகில் உலகமே பார்த்த படத்தின் கூட்டத்தை ஏற்றினால் வரிசை நகராது. ரைடு ஐந்து நிமிஷம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதற்கு அது தகாது. மல்டி பாஸில் எடுங்கள், இல்லையேல் பூங்கா மூடும் முன் கடைசி அரைமணியில் சேருங்கள். வரிசையில் சேர்ந்துவிட்டால் மூடும் நேரம் தாண்டியும் ஏற்றுவார்கள்.

காஸ்மிக் ரீவைண்ட், 2022 மே 27. மார்வெல் ஒப்பந்தம் ஞாபகமிருக்கட்டும்: இந்த ரைடின் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி கூட்டம் அந்தப் பட்டியலில் மாட்டாததால்தான் டிஸ்னி இங்கே கட்ட முடிந்தது. ஆனாலும் பலகையில் மார்வெல் என்ற சொல் கிடையாது. 42 அங்குலம். வண்டி பின்னோக்கிப் பாய்ந்து புறப்படும். பிறகு ஒவ்வொரு பெட்டியும் தன் அச்சில் திரும்பி, காட்சி இருக்கும் பக்கம் முகத்தைக் காட்டும். ஆறு பாட்டில் ஒன்று ஒலிக்கும், எது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வயிறு ஒத்துழைக்காதவர்கள் முதுகைச் சாய்த்து, சுழலும் நட்சத்திரங்களை விட்டுவிட்டு முன்னாலுள்ள பெட்டியைப் பாருங்கள்.

ஆறாம் நாள்: அனிமல் கிங்டம், இரவில் மேஜிக் கிங்டம்

இரண்டு பூங்காவுக்கும் ஒரே நாளில் போக பார்க் ஹாப்பர் டிக்கெட் வேண்டும். அனிமல் கிங்டம் சீக்கிரம் மூடும், ஆகவே அதைக் காலையில்.

அவதார் படத்தின் உலகமான பண்டோரா 2017 மே 27 அன்று திறந்தது. முதல் அவதார் 2009, இரண்டாவது 2022. நடுவில் படமே இல்லாத வருஷங்களில் இதைத் திறந்தார்கள். படத்தில் வரும் ஒருவர் பெயர் கூட நினைவில்லாதவர்கள் ஃப்ளைட் ஆஃப் பாஸேஜுக்கு மணிக்கணக்கில் நின்றார்கள். இங்கே ஜனங்கள் தேடி வந்தது கதையை அல்ல, மிதக்கும் மலைகளை. மலைகளைத் தாங்கும் எஃகுத் தூண்கள் கொடிகளுக்கும் அருவிக்கும் பின்னால் ஒளிந்திருக்கின்றன. பாலத்தருகே நின்று எந்தக் கொடி சந்தேகத்துக்கிடமாகத் தடித்திருக்கிறது என்று பாருங்கள்.

ரைடுக்கு 44 அங்குலம் (112 செ.மீ.). பைக்கில் அமர்வது போல முன்சாய்ந்து உட்கார வேண்டும். முதுகிலும் கெண்டைக்காலுக்குப் பின்னாலும் பூட்டு அழுத்தும். தொல்லை வருவது பெரும்பாலும் காலில்: கெண்டைச் சதை பெரிதாக இருந்தால் பூட்டு விழாது. உடம்பை முடிந்தவரை முன்னே தள்ளி, பாதத்தைப் பின்னுக்கு இழுத்தால் பலருக்கும் சரியாகிவிடும்.

படமில்லாத ரைடும் சிரமப்படும் என்பதற்கு உதாரணம் எவரெஸ்ட் கோஸ்டர், 2006-இல் திறந்தது. கடைசியில் பாய வேண்டிய 25 அடி உயரப் பனிமனிதன் பொம்மை, திறந்து சில மாதங்களிலேயே அசைவதை நிறுத்திவிட்டது. வெட்டி வெட்டி மின்னும் விளக்கில் அசைவது போலக் காட்டி ஒப்பேற்றுகிறார்கள். அப்படியும் கோஸ்டர் அருமை, தனிநபர் வரிசையில் சீக்கிரம் ஏறலாம்.

மாலை மேஜிக் கிங்டம். ட்ரான் படத்தின் கோஸ்டரில் பைக் இருக்கை, 48 அங்குலம், காலையில் சொன்ன கெண்டைக்கால் தொல்லை இங்கும் உண்டு. அப்படியானால் சாதாரண இருக்கை உள்ள பெட்டியைக் கேளுங்கள், கொஞ்சம் காத்திருந்தால் வரும். பைகளுக்கு இலவச லாக்கர்.

தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக் படத்து நாயகி டியானாவின் ரைடு 2024 ஜூன் 28 அன்று திறந்தது. முன்பு ஸ்ப்ளாஷ் மவுண்டன். கால்வாயும் 50 அடி வீழ்ச்சியும் அதேதான். பழைய கதையில் அந்த வீழ்ச்சி, முயல் மாட்டிக்கொள்ளும் உச்சக்கட்டம். புதுக் கதையில் ஆபத்தே இல்லை, விருந்துக்குப் பாட்டுக்காரர்களைத் தேடிப் போகிறோம். அதனால் எதற்காக விழுகிறோம் என்பது தெளிவில்லை. பொம்மைகள் அழகு, பாட்டு அழகு, இறக்கம் மட்டும் கதையோடு ஒட்டவில்லை. நனைவது உறுதி, முன்வரிசை அதிகம் நனையும். ராத்திரி ஏறினால் ஈரச் சட்டையோடு விடுதிப் பேருந்தின் ஏசியில் நடுங்க வேண்டிவரும்.

நதிக்கரையில் இப்போது தடுப்புச் சுவர். 1971 முதல் இருந்த ஆற்றை 2025 ஜூலையில் மூடினார்கள், கார்ஸ் படத்தின் ரைடு வரப்போகிறது. படகு ஓடிய தண்ணீருக்குப் பதில் மண்மேடு.

கடைசி ரைடாகப் பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன். கலிபோர்னியாவில் 1967, இங்கே 1973. ரைடிலிருந்து 2003-இல் படம் பிறந்தது. 2006-இல் படத்திலிருந்து ஜாக் ஸ்பாரோ ரைடுக்குள் வந்தார். ஒரே படகில் மூன்று இடத்தில் அவரைப் பார்க்கலாம்: முதலில் உடை மாட்டிய கடைப் பொம்மைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார், பிறகு பீப்பாயிலிருந்து தலையை நீட்டுகிறார், முடிவில் புதையல் அறையில் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். சுற்றியிருக்கும் கொள்ளையர்கள் அவருக்கு முப்பது வருஷம் மூத்தவர்கள். இரவு பத்து மணிக்கு மேல் வரிசை இருபது நிமிஷம் கூட இருக்காது.